மென்னோனைட் இணையக் கலைக்களஞ்சியம்: ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரின் மதிப்புரை

முதல் உலகப் போரில் ரஷ்யப் பேரரசின் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் துப்பாக்கியைத் தொட மறுத்து, காயம்பட்டவர்களைத் தூக்கவும் காடு வளர்க்கவும் போனார்கள். அந்த வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் 'குளோபல் அனபாப்டிஸ்ட் மென்னோனைட் என்சைக்ளோபீடியா ஆன்லைன்' என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் தொடங்கலாம். சுருக்கமாகக் 'காமியோ' என்கிறார்கள். கட்டணம் கிடையாது. சட்டம், ஆண்டு, அமைப்பு, செலவு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வாசலை நான் பார்த்ததில்லை. ஆனால் வார்டு வேலை தெரிந்தவன் தேடுகிற சில செய்திகளுக்கு இந்த வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

நான் அறுவை சிகிச்சை வார்டில் ஆண் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சரித்திரம் படித்தவன் அல்ல. ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னவனைப் போரின் நடுவில் ஓர் அரசு என்ன செய்தது, அவனுக்கு என்ன வேலை கொடுத்தது, அந்த வேலைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகளோடுதான் இந்தக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். இந்த மதிப்புரையும் அந்த மூன்றையும் ஒட்டியே போகும். திருச்சபைப் பாடல்கள், இறையியல், குடும்பப் பெயர்கள் என்று அதில் ஆயிரக்கணக்கில் இருக்கும் மற்ற கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

இது எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் பயன் கூடும். கனடாவின் மென்னோனைட் வரலாற்றுச் சங்கம் 1996இல் இதைத் தொடங்கியது. 1955 முதல் 1959 வரை நான்கு தொகுதிகளாக அச்சில் வந்த மென்னோனைட் கலைக்களஞ்சியமும், 1990இல் வந்த ஐந்தாம் தொகுதியும் இதற்கு அடித்தளம். கட்டுரையை யார் எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார் என்ற விவரத்தைக் கீழே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. மருத்துவமனையில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று பார்க்காமல் ஒரு மருந்தையும் கொடுக்க மாட்டோம். 1950களில் எழுதிய கட்டுரை என்றால், ரஷ்யாவில் நடந்தவற்றை நேரில் பார்த்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் உயிரோடு இருந்த காலத்தில் எழுதியது என்று பொருள். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியில் மென்னோ சைமன்ஸ் என்ற போதகரின் பெயரால் அறியப்பட்ட மக்கள் இவர்கள். பெரியவர்களான பிறகே ஞானஸ்நானம், சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, வாளெடுப்பதில்லை என்பவை அவர்களின் பிடிமானங்கள். இன்றைய போலந்தில் இருக்கும் விஸ்துலா ஆற்றின் முகத்துவாரச் சமவெளியில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு, ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அழைப்பை ஏற்று இன்றைய உக்ரைனின் தென்பகுதிக்கு வந்தார்கள். 1789இல் ஹோர்டிட்சா குடியேற்றம், 1804இல் மொலோச்னா குடியேற்றம். பேரரசர் முதலாம் பால் 1800இல் கொடுத்த உரிமைச் சாசனம், ராணுவப் பணியிலிருந்து அவர்களுக்கு என்றென்றைக்கும் விலக்கு அளித்தது.

என்றென்றைக்கும் என்ற வாக்கு ஒரு நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. அனைவருக்கும் கட்டாய ராணுவச் சேவை என்ற சட்டம் 1874இல் வந்தது. மென்னோனைட் தூதுக்குழுக்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கு மாறி மாறி அலைந்தன. மூட்டை கட்டத் தொடங்கியவர்களைத் தடுத்துப் பேசுவதற்காக ஜெனரல் டோட்லபன் என்ற புகழ்பெற்ற பொறியாளர் தளபதியையே அரசு குடியேற்றங்களுக்கு அனுப்பியது. அப்படியும் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். எஞ்சியவர்களுக்காக 1875இல் தனி ஏற்பாடு பிறந்தது. கடற்படைப் பட்டறைகள், தீயணைப்புப் படை, வனத்துறை ஆகிய இடங்களில் அவர்கள் வேலை செய்யலாம் என்றது சட்டம். நடைமுறையில் வனத்துறையே நிலைத்தது. 1880களின் தொடக்கத்திலிருந்து தென் ரஷ்யப் புல்வெளிகளில் முகாம்கள் எழுந்தன.

'ஃபார்ஸ்டைடீன்ஸ்ட்' என்ற தலைப்பில் இந்த வனப் பணிக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. அதைக் கட்டாயம் படியுங்கள். என் மூன்றாவது கேள்விக்கான விடை அங்கேதான் கிடைத்தது. ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் வேலைக்கு அரசு கொடுத்தது 20 கோபெக். நூறு கோபெக் சேர்ந்தால்தான் ஒரு ரூபிள். தங்குமிடம் கட்டுவது, சாப்பாடு, துணிமணி, முகாமுக்கு ஒரு போதகர், கணக்கும் சமையல் பொருளும் பார்க்க ஒரு மேலாளர் ஆகிய எல்லாச் செலவையும் மென்னோனைட் சமூகமே தன் தலையில் சுமந்தது. அதற்காகத் தங்களுக்குள் சொத்து வரி போட்டுக்கொண்டார்கள். பெரிய ஆலை வைத்திருந்தவரும் கட்டினார், சிறு நிலக்காரரும் கட்டினார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றேன். மனச்சாட்சி என்றால் அது தனிமனிதன் நெஞ்சுக்குள் நடக்கும் விஷயம் என்றே நினைத்திருந்தேன். இங்கே ஒரு சமூகம் தன் பையன்களின் மனச்சாட்சிக்கு ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கு எழுதியிருக்கிறது. எத்தனை சட்டை, எத்தனை மூட்டை மாவு, எந்த முகாமுக்கு எந்தப் போதகர் என்று கூடிப் பேசியிருக்கிறது. 'போரை வெறுக்கிறோம்' என்று சொல்லிவிட்டு வீட்டில் இருப்பது சுலபம். அந்த வெறுப்புக்கு வரி கட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை எண்களின் வழியாகவே உணரவைத்ததற்காக இந்தக் கலைக்களஞ்சியத்துக்கு நான் நன்றி சொல்கிறேன்.

வேலை என்ன? மரமே இல்லாத புல்வெளியில் நாற்றங்கால் போட்டு, ஓக், ஆஷ், மேப்பிள் கன்றுகளை வளர்த்து, நட்டு, களை எடுத்துப் பாதுகாப்பது. இன்றைய உக்ரைனின் வெலிகோ அனாடோல் வனம் 1843இல் விக்டர் ஃபான் கிராஃப் என்ற வனத்துறை அதிகாரி தொடங்கிய சோதனை. அனாடோலிலும் மென்னோனைட் முகாம் ஒன்று இருந்தது. கிரைமியாவில் திராட்சைக் கொடிகளைத் தின்ற பூச்சியை ஒழிக்கத் தனிக் குழு ஒன்று வேலை செய்தது. படையணி போலவே சீருடை, மணியடித்து எழுப்புவது, வரிசையில் நிற்பது எல்லாம் உண்டு.

இனி 1914. போர் மூண்டதும் வனப் பணியில் ஏற்கெனவே இருந்தவர்களோடு, இருப்புப் பட்டியலில் இருந்தவர்களையும் அரசு அழைத்தது. போர் முடிவதற்குள் பன்னிரண்டாயிரம் அளவிலான மென்னோனைட் ஆண்கள் பணியில் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் காட்டு வேலையிலும் அதைச் சார்ந்தவற்றிலும், மீதிப் பேர் மருத்துவப் பணியிலும். ரஷ்யாவின் மொத்த மென்னோனைட் மக்கள்தொகை ஒரு லட்சம் அளவில் இருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு ஒருவர் போனது போன்ற எண்ணிக்கை.

மருத்துவப் பணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் அனைத்து ரஷ்ய செம்ஸ்த்வோ ஒன்றியத்தின் கீழும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழும் வேலை செய்தார்கள். செம்ஸ்த்வோ என்பது மாகாண, மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம். காயம்பட்டவர்களுக்கு உதவ அந்த மன்றங்கள் 1914இல் ஒன்றுசேர்ந்து அமைத்த ஒன்றியத்துக்குத் தலைவர் இளவரசர் கியோர்கி ல்வோவ், பிற்பாடு 1917இல் இடைக்கால அரசின் முதல் பிரதமரானவர். ராணுவ அமைச்சகத்தின் நேரடிப் பிடிக்கு வெளியே இருந்த இந்த ஒன்றியம் மென்னோனைட்டுகளுக்கு ஏற்ற இடமாக அமைந்தது. போர்முனையிலிருந்து மாஸ்கோ முதலான உள்நாட்டு நகரங்களுக்குக் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த மருத்துவமனை ரயில்களில் அவர்களைக் காணலாம்.

என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்த ரயில்களில் நல்ல படுக்கைப் பெட்டிகளும் உண்டு, நடுவில் இரும்பு அடுப்பு வைத்த சரக்குப் பெட்டிகளும் உண்டு. தொடை எலும்பு முறிந்தவனைப் படுக்கையிலிருந்து படுக்கைக்கு மாற்றும்போது நான்கு கைகள் ஒரே நேரத்தில் எழ வேண்டும். ஒரு கை முந்தினாலும் அவன் கத்துவான். ஓடுகிற ரயிலில், தண்டவாள இணைப்புகளின் ஆட்டத்தில், அதைச் செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக் மருந்துகள் இல்லாத காலம். குண்டுத் துகளோடு மண்ணும் துணியும் புகுந்த காயம் அழுகினால் உறுப்பை வெட்டி எடுப்பதுதான் வழி. டைபஸ் காய்ச்சலைப் பேன் பரப்புகிறது என்று சார்ல் நிகோல் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சீருடைத் துணியைக் கழற்றி, தலையை மழித்து, துணியை நீராவியில் வேகவைத்துப் பேனை ஒழிப்பது அன்றைய உயிர்காக்கும் சிகிச்சை. அந்த வேலை டாக்டரின் கைக்கு வராது, உதவியாளன் கைக்குத்தான் வரும். நோய் முதலில் தொற்றுவதும் அவனுக்குத்தான்.

இந்த வேலையின் அளவை, அமைப்பை, ஆண்டை எல்லாம் கலைக்களஞ்சியத்தில் சேகரித்துக்கொள்ளலாம். பெட்பேன் தூக்கிய கையை அதில் தேடினால் ஏமாற்றம்தான். கலைக்களஞ்சியம் என்ற வகைமையின் இயல்பு அது என்று புரிகிறது. இருந்தாலும் இரவுப் பணி பார்த்தவனுக்கு மனம் ஆறவில்லை. பெட்டிக்கு எத்தனை பேர், பணி மாற்றம் எத்தனை மணிக்கு, கட்டுத்துணி தீர்ந்தால் என்ன செய்தார்கள், செவிலியச் சகோதரிகளோடு எப்படி வேலையைப் பங்கிட்டார்கள் என்பதெல்லாம் அவர்களே எழுதிவைத்த நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் இருக்கக்கூடிய செய்திகள்.

ஆனால் இதைவிடப் பெரிய ஒரு விஷயத்தை இதே கலைக்களஞ்சியம்தான் எனக்குப் பிடித்துக் கொடுத்தது. 1870களில் அரசோடு பேரம் பேசியபோது, படை மருத்துவமனைகளில் வேலை செய்யுங்கள் என்ற யோசனை மென்னோனைட் மூப்பர்கள் முன் வந்தது. அவர்கள் ஏற்கவில்லை. ராணுவத்தின் ஓர் உறுப்பாகச் செய்யும் எந்தப் பணியும் போரில் பங்கெடுப்பதுதான் என்பது அவர்களின் வாதம். மரம் நடப் போனதற்கே காரணம் அதுதான். நாற்பது ஆண்டுகள் கழித்து அவர்களின் பேரன்கள் காயம்பட்ட சிப்பாய்களைத் தூக்கத் தாங்களாகவே முன்வந்து பெயர் கொடுக்கிறார்கள். தாத்தா மறுத்ததைப் பேரன் விரும்பி ஏற்றான். முகாம்களைப் பற்றிய கட்டுரை, போர்க்காலத்தைப் பற்றிய பகுதி இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் இந்தத் திருப்பம் தெரியும். யாரும் உங்களுக்காக முடிச்சுப் போட்டுத் தரமாட்டார்கள்.

தாத்தாக்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலைக் குணமாக்கி அனுப்பினால் அவன் மறுபடியும் பதுங்குகுழிக்குத்தான் போவான். அவனைப் போருக்குத் தயாராக்கியவன் யார் என்ற கேள்வி வரும். இருந்தாலும் நான் பேரன்கள் பக்கம்தான் நிற்பேன். வயிற்றில் குண்டுபட்டவன் தண்ணீர் கேட்கும்போது, இவன் யாரைச் சுட்டான், இனி யாரைச் சுடப்போகிறான் என்று கேட்கிற தொழில் எங்களுடையது அல்ல.

அந்தப் பையன்கள் ரயிலில் இருந்தபோது அவர்களின் வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1914 இறுதியில் ஜெர்மன் மொழிப் பத்திரிகைகளை அரசு மூடியது. மென்னோனைட்டுகளின் 'ஃப்ரீடன்ஸ்டிம்மே' இதழும் நின்றது. 1915 பிப்ரவரியிலும் டிசம்பரிலும் வந்த சட்டங்கள் ஜெர்மன் குடியேறிகளின் நிலத்தைப் பறிமுதல் செய்ய வழிவகுத்தன. மென்னோனைட்டுகள் தங்கள் முன்னோர் டச்சுக்காரர்கள் என்று மனுப்போட்டுப் போராடினார்கள். ரஷ்யச் சிப்பாயின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தவனுக்கு, உன் அப்பாவின் வயலை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று கடிதம் வருகிறது. அவன் மறுநாளும் கட்டுப்போட எழுந்தான். இந்த அநியாயத்தைக் கட்டுரைகள் உணர்ச்சியே காட்டாமல் சொல்லிச் செல்கின்றன. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. 1917இல் ஜார் ஆட்சி கவிழ்ந்ததால்தான் அந்தச் சட்டங்கள் முழுமையாக நிறைவேறாமல் நின்றன.

நம்பகத்தன்மையைச் சோதிக்க 'செல்ப்ஸ்ட்ஷுட்ஸ்' என்ற தலைப்பைத் திறந்து பார்த்தேன். 1918இல் ஜெர்மன் படை உக்ரைனைப் பிடித்திருந்தபோது மென்னோனைட் கிராமங்களில் ஆயுதம் தாங்கிய தற்காப்புக் குழுக்கள் உருவாயின. லிஷ்டனாவ் கிராமத்தில் அந்தக் கோடையில் கூடிய திருச்சபை மாநாடு, ஆயுதம் எடுப்பதா வேண்டாமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. உக்ரைனிய அராஜகவாதத் தலைவர் நெஸ்டர் மாக்னோவின் படையோடு அந்தக் குழுக்கள் மோதின. நூற்றாண்டுகளாகக் காத்த கொள்கை உடைந்த இடம் இது. தங்கள் சொந்தச் சபைகள் நடத்தும் கலைக்களஞ்சியத்தில் இதை ஒளிக்காமல் தனிக் கட்டுரையாகவே வைத்திருக்கிறார்கள். என் மதிப்பு கூடியது.

குறை என்று நான் கருதுவது பார்வையின் எல்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் உள்ளே பிறந்தவர்கள். அந்த ரயில்களில் படுத்திருந்த ரஷ்ய, உக்ரைனிய விவசாயச் சிப்பாய்க்கு இந்த உதவியாளர்கள் யாராகத் தெரிந்தார்கள்? மென்னோனைட் பண்ணைகளில் கூலிக்கு உழைத்த பக்கத்துக் கிராமத்தார், தங்கள் பிள்ளைகள் மட்டும் முன்வரிசைக்குப் போனதைப் பற்றி என்ன நினைத்தார்கள்? இந்தக் குரல்கள் எனக்குப் போதுமான அளவு கேட்கவில்லை. பெண்களின் பங்கும் அப்படித்தான். நோய்ஹால்ப்ஸ்டாட் ஊரில் 1909இல் தொடங்கிய மோரியா என்ற சகோதரிகள் இல்லம் செவிலியர்களைப் பயிற்றுவித்தது. போர்க்காலச் செவிலியத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் அருகே வைத்துப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

கைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு துணைச் சேவை இருக்கிறது. மென்னோனைட் ஆவணப் படத் தளம், 2015இல் கனடாவின் ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து திறந்தது. வனப் பணிக்காரர்கள், மருத்துவ உதவியாளர்கள் ஆகியோரின் பழைய புகைப்படங்கள் அங்கே கிடைக்கின்றன. படங்களில் சிப்பாயின் அதே மேற்சட்டை, அதே தொப்பி. கையில் சுற்றிய செஞ்சிலுவைப் பட்டைதான் அடையாளம். பெயர் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. கட்டுரையையும் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் படிப்பே மாறிவிடும்.

நடைமுறைக்குச் சில யோசனைகள். கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆனால் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் ஜெர்மன் வடிவத்தில் வரும். ஹால்ப்ஸ்டாட் என்று படிப்பது இன்றைய மொலோசான்ஸ்க். ஹோர்டிட்சா இன்று ஸபோரிஷியா நகரத்துக்குள் இருக்கிறது. வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யா 1918 வரை பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் இருபதாம் நூற்றாண்டுத் தேதிகளில் 13 நாள் வித்தியாசம் வரும். இரண்டு கட்டுரைகளில் தேதி முரண்பட்டால் முதலில் அதைச் சரிபாருங்கள். கட்டுரையின் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலைத் தவிர்க்காதீர்கள். நாட்குறிப்புகளுக்கும் நினைவுக் குறிப்புகளுக்கும் வழி அங்கிருந்துதான் போகிறது.

போரோடு நிறுத்திவிடாமல் சோவியத் காலம் வரை படிக்கச் சொல்வேன். 1919 ஜனவரி 4 அன்று லெனின் கையெழுத்திட்ட ஆணை, மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்கு நீதிமன்றத்தின் வழியாக மாற்றுப் பணி பெற வழி வைத்தது. முதன்மையாகத் தொற்றுநோய் மருத்துவமனைகளில் பணி. டால்ஸ்டாயின் நண்பரான விளாதிமிர் செர்ட்கோவ் தலைமையில் இயங்கிய மதக்குழுக்களின் கூட்டு மன்றம் விண்ணப்பதாரரின் உண்மைத்தன்மைக்குச் சான்று சொன்னது. அந்த வாசல் 1920களில் படிப்படியாகக் குறுகி, 1939ஆம் ஆண்டு ராணுவச் சேவைச் சட்டத்தில் இடமே இல்லாமல் போனது. இந்தப் பகுதிக்குத் தலைப்புகள் பல கட்டுரைகளில் சிதறிக் கிடக்கின்றன. ரஷ்யா, மனச்சாட்சி மறுப்பு, மாற்றுப் பணி ஆகிய மூன்று தலைப்புகளிலும் தேடி நீங்களே ஒரு தாளில் ஆண்டு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியைவிடக் கணினித் திரையில் படிப்பது கண்ணுக்கு நல்லது.